கூடாரத்தில் குடியிருந்த கணித மேதை

நம் வட்டாரத்தோடு தொடர்புள்ள பெரியவர் ஒருவரைப் பற்றி எழுதித் தரும்படி மலர்க் குழு நண்பர்கள் கேட்டார்கள். குமாரசாமி ராஜா அவர்களைப் பற்றியும், பி.ஏ.சி. ராமசாமி ராஜா அவர்களைப் பற்றியும் எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் நம் சங்கத்திலேயே நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எடுத்துக்கொண்டவர் வேறொருவர். மிஷனெரி வரலாறு படித்தவர்களுக்கு மிகவும் தெரிந்த பேர். ஆனால் அவர் அலைந்து திரிந்து, உயிரையும் விட்ட நம்ம பகுதியிலேதான் அவரைத் தெரிந்தவர்கள் குறைவு.

அவர் பெயர் தாமஸ் கஜேட்டன் ராக்லாந்து. அந்தக் காலத்து வழக்கப்படி நம் ஜனங்கள் பாதிரிமார்களை ஐயர் என்றுதான் கூப்பிடுவார்கள். அதனால் நானும் ராக்லாந்து ஐயர் என்றே எழுதுகிறேன்.

ஒரு கணித மாணவன் என்ற முறையில்தான் முதலில் இவர் மேல் எனக்கு ஆர்வம் வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சபையின் கமிட்டி உறுப்பினன் என்ற முறையில் இப்போது இவரை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். அதற்கான காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

பிறப்பும் படிப்பும்

ராக்லாந்து 1815-ம் ஆண்டு ஏப்ரல் 26-ம் நாள் ஜிப்ரால்டரில் பிறந்தார். சிறு வயதிலேயே தாய் தந்தையை இழந்தார். இங்கிலாந்தில் லிவர்பூல் துறைமுக நகரில் இருந்த உறவினர்தான் வளர்த்தார். பள்ளிப் படிப்பு முடிந்ததும் அந்த உறவினருடைய வியாபார அலுவலகத்திலேயே கணக்கெழுத உட்கார வைத்துவிட்டார்கள். பல வருஷம் அந்த வேலைதான். நம்ம ஊர்ல பஞ்சுக் கடையிலோ வத்தல் மண்டியிலோ கணக்குப்பிள்ளையாக ஒரு பையன் காலத்தை ஓட்டுவதை நினைத்துப் பாருங்கள். அப்படித்தான்.

ஆனால் மனசு படிப்பிலே இருந்தது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரியில் கணிதம் படித்து, 1841-ல் இறுதித் தேர்வு எழுதினார். அங்கே கணிதத்தில் முதல் வகுப்பில் தேறியவர்களை ராங்ளர் என்று அழைத்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசைப்படுத்துவார்கள். அந்த ஆண்டில் ராக்லாந்து நான்காவது ராங்ளர்.

முதலிடம் யாருக்குத் தெரியுமா? ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ்! ஆமாம், நம் இயற்பியல் ஆய்வகத்தில் உயரமான கண்ணாடி ஜாடியில் விளக்கெண்ணெயை ஊற்றி, சின்னச் சின்ன இரும்புக் குண்டுகளைப் போட்டு, ஸ்டாப் வாட்சைக் கையில் வைத்துக்கொண்டு பாகுநிலை கண்டுபிடித்தோமே, அந்த ஸ்டோக்ஸ்தான். கணித மாணவர்கள் வெக்டர் பாடத்தில் மனப்பாடம் பண்ணிய ஸ்டோக்ஸ் தேற்றமும் அவர் பெயரில்தான் வழங்குகிறது. அவரோடு ஒரே தேர்வை எழுதி, மூன்றே இடம் பின்னால் வந்தவர்தான் பின்னாளில் நம் கரிசல் காட்டில் கூடாரம் அடித்துக் கிடந்தார் என்றால் நம்ப முடிகிறதா?

அவருடைய கல்லூரியே அவரைத் தன் ஃபெல்லோவாக ஏற்றுக்கொண்டது. தங்க இடம், நல்ல சாப்பாடு, புத்தகங்கள், மதிப்பு, நிரந்தர வருமானம் எல்லாம் கிடைத்தன. வாழ்நாள் முழுக்க அங்கேயே இருந்திருக்கலாம். அவர் இருக்கவில்லை. குருப்பட்டம் பெற்று, கேம்பிரிட்ஜை ஒட்டி ஏழைகள் மிகுந்த பார்ன்வெல் பகுதியில் ஊழியம் செய்தார். பிறகு சர்ச் மிஷனெரி சங்கத்தில், அதாவது நாம் சி.எம்.எஸ். என்று சொல்கிறோமே அந்தச் சங்கத்தில், தன்னை ஒப்புக்கொடுத்தார். 1845-ல் சென்னைக்குக் கப்பல் ஏறினார்.

சென்னை மேஜையில் இருந்து தெரிந்த தெற்கு

சென்னையில் அவருக்குக் கிடைத்தது சங்கத்தின் செயலாளர் பதவி. தென்னிந்தியா முழுவதும் இருந்த சி.எம்.எஸ். ஊழியத்தின் கடிதங்களும், பணக் கணக்கும், மனஸ்தாபங்களும் அவர் மேஜைக்குத்தான் வரும். லிவர்பூலில் கணக்கெழுதிய பையனுக்கு அது கை வந்த வேலை. திருநெல்வேலிச் சீமைக்கும் நேரில் வந்து சுற்றிப் பார்த்தார்.

இங்கே மாணவ நண்பர்களுக்கு ஒரு விளக்கம். நம்முடைய விருதுநகர் மாவட்டம் உண்டானது 1985-ல்தான். அதற்கு முன் நாம் ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர்கள். அந்த மாவட்டமும் 1910-ல்தான் பிறந்தது. அதற்கும் முன்னால் ஸ்ரீவில்லிபுத்தூர், சிவகாசி, சாத்தூர் எல்லாம் திருநெல்வேலி மாவட்டத்தின் வடகோடி. அதனால்தான் இந்தக் கதையில் நம்ம பகுதியை வட திருநெல்வேலி என்றே எழுதி வைத்திருக்கிறார்கள்.

தென் திருநெல்வேலியில் அப்போது கிறிஸ்தவ சபைகள் நன்றாக வேரூன்றிவிட்டன. பாளையங்கோட்டையில் குளோரிந்தா அம்மாள் கட்டிய ஆலயம் 1785-ஐச் சேர்ந்தது. கிறிஸ்தவர்களானதால் துன்பப்பட்டவர்கள் பத்திரமாகக் குடியிருக்க 1799-ல் முதலூர் என்ற ஊர் உண்டாயிற்று. 1820-ல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ் ஐயர் காலத்தில் கிராமம் கிராமமாகச் சபைகளும் பள்ளிக்கூடங்களும் பெருகின. அடைக்கலம் தேடி வந்தவர்களுக்கு ஒரு மதில் தேவைப்பட்டது. அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் ராக்லாந்து ஐயர் கண்டது அதற்கு அடுத்த கட்டம். மிஷனெரி ஒவ்வொருவருக்கும் ஒரு பங்களா, ஒரு வளாகம், சுற்றிலும் ஆலயம், பள்ளிக்கூடம், விடுதி. காலையில் எழுந்தால் கட்டட வேலை, ஆசிரியர் சம்பளம், குடும்பச் சண்டை பஞ்சாயத்து, வாய்க்கால் தகராறு, கணக்குப் புத்தகம். சோம்பேறித்தனம் என்று யாரையும் சொல்ல முடியாது. எல்லோரும் காலையில் இருந்து ராத்திரி வரை உழைத்தார்கள். உள்ளே இருந்தவர்களைக் கவனிக்கவே நேரம் சரியாக இருந்தது. வடக்கே நம்ம பகுதியில் இருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்களை எட்டிப் பார்க்க யாருக்கும் நாள் ஒழியவில்லை.

கணிதம் படித்தவர் இல்லையா? இன்னும் இரண்டு பேரை அனுப்பினால் இந்தக் கணக்கு நேராகிவிடும் என்று அவர் நினைக்கவில்லை. புதிதாக வருகிறவருக்கும் ஒரு பங்களா கட்டினால், அந்தப் பங்களா அவரையும் விழுங்கிவிடும் என்று கண்டுகொண்டார். ஆளைக் கூட்டுவதற்கு முன்னால் முறையை மாற்ற வேண்டும் என்பதே அவர் கண்ட விடை. வீடே கட்டக் கூடாது, வளாகமே வேண்டாம், கூடாரம் போதும் என்று முடிவு செய்தார். முடிவை மற்றவர் தலையில் கட்டவில்லை. செயலாளர் பதவியை விட்டுவிட்டுத் தானே கிளம்பினார்.

நான்கரை வருஷக் கூடார வாழ்க்கை

இடையில் உடல்நிலை காரணமாக இங்கிலாந்து போய்விட்டு, திரும்பும்போது இரண்டு இளைஞர்களையும் சேர்த்துக்கொண்டார். ஒருவர் டேவிட் ஃபென். கோட்டயம் கல்லூரியின் ஆரம்பகால ஊழியர்களில் ஒருவரான ஜோசப் ஃபென்னின் மகன் இவர். இன்னொருவர் ராபர்ட் மெடோஸ். இந்த மூவரும் 1854-ல் நம் பகுதிக்கு வந்து சேர்ந்தார்கள்.

அன்றைய நம் ஊர்களை ஒரு நிமிஷம் மனக்கண்ணில் கொண்டு வாருங்கள். சிவகாசியில் தீப்பெட்டியும் இல்லை, பட்டாசும் இல்லை, அச்சகமும் இல்லை. ராஜபாளையத்தில் மில் சங்கு கேட்க 1936-க்குப் பிறகுதான் வாய்ப்பு. நம் ரயில் பாதையும் 1927-ல் வந்ததுதான். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் கோயில் கோபுரம் மட்டும் இன்று போலவே அன்றும் வானத்தைத் தொட்டுக்கொண்டு நின்றது. மேற்கே மலை, கிழக்கே கரிசல், நடுவில் கண்மாய்கள். மழை பெய்தால் வண்டிச் சக்கரம் அச்சு வரை புதையும் பாதைகள். சித்திரை வெயிலில் கூடாரத் துணிக்குள் உட்காருவது எப்படி இருக்கும் என்று இந்த ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை!

முறை இதுதான். ஒரு தோப்பிலோ ஊருக்கு வெளியிலோ கூடாரம் அடிப்பார்கள். காலையும் மாலையும் சுற்றுவட்டாரத்து ஊர்களுக்குப் போய் ஜனங்களோடு தமிழில் பேசுவார்கள். அந்த வட்டம் முடிந்ததும் கூடாரத்தைப் பிரித்து அடுத்த இடத்துக்குப் போவார்கள். எல்லா ஊரையும் சுற்றியபின் மறுபடியும் முதலில் இருந்து தொடங்குவார்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி ஒன்று உண்டு. தென் திருநெல்வேலியில் இருந்த தமிழ்ச் சபைகள் தங்கள் உபதேசியார்களை முறை வைத்து வடக்கே அனுப்பின. செலவையும் அந்தச் சபைகளே ஏற்றுக்கொண்டன. போனவர்கள் தங்கள் முறை முடிந்ததும் ஊருக்குத் திரும்பி, பார்த்ததைத் தங்கள் ஜனங்களுக்குச் சொன்னார்கள். அதுவரை சீமைப் பணத்தை வாங்கிப் பழகிய சபைகள், தங்கள் மதிலுக்கு அப்பால் இருந்தவர்களுக்காகத் தங்கள் மடியை அவிழ்த்தன. பனையேறிகளும் கூலிக்காரர்களும் கொடுத்த காலணாக்கள் அவை. 1903-ல் பாளையங்கோட்டையில் வேதநாயகம் அசரியாவும் நண்பர்களும் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கினார்கள் என்று சபை வரலாற்றில் பெருமையாகச் சொல்வோம். நம்மவர் பணத்தில், நம்மவர் கையால் நடக்கும் ஊழியம் என்ற அந்த எண்ணத்துக்கு அரை நூற்றாண்டு முன்பே நம் கரிசல் மண்ணில் ஒரு ஒத்திகை நடந்திருக்கிறது.

ராக்லாந்து ஐயர் திருமணம் செய்துகொள்ளவில்லை. ஏற்கனவே நெஞ்சு பலவீனமானவர். தொடர்ந்து அலைந்ததில் உடம்பு தேய்ந்துகொண்டே வந்தது. 1858-ம் ஆண்டு அக்டோபர் 22-ம் நாள் சிவகாசியில் நுரையீரலில் இரத்தக்கசிவு ஏற்பட்டுக் காலமானார். வயது 43. உடல் அங்கேயே அடக்கம் செய்யப்பட்டது. அவர் இறந்து பத்தாவது நாள், நவம்பர் 1-ம் தேதி, விக்டோரியா ராணியின் பிரகடனம் வெளியாகி, கம்பெனி ஆட்சி முடிந்து போயிற்று.

தோல்வியா, வெற்றியா?

எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் இந்தக் கதை தோல்விதான். அவர் உயிரோடு இருந்தவரை இந்தப் பகுதியில் ஞானஸ்நானம் பெற்றவர்கள் மிக மிகக் குறைவு. நான்காம் ராங்ளரின் கணக்கு தப்பிவிட்டது என்று சொல்லிச் சிரித்தவர்களும் அன்று இருந்திருக்கலாம்.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அவர் வந்தது பிரசங்கம் பண்ண, மதம் மாற்ற. நம் முன்னோர்கள் கும்பிட்ட தெய்வங்களை அந்தக் காலத்து மிஷனெரிகள் பார்த்த பார்வையை இன்று நம்மால் ஏற்க முடியாது. ஆண்டாள் பிறந்த ஊரில் பக்தி என்றால் என்ன என்று வெளியூர்க்காரர் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை என்று அன்றைக்கே பெரியவர்கள் நினைத்திருப்பார்கள். அதோடு, கூடாரம் ஓரிடத்தில் நிற்காது. காய்ச்சல்காரனுக்கு மருந்து, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம், தண்ணிக்குக் கிணறு, இதெல்லாம் ஒரே இடத்தில் நிலைத்து நின்று செய்ய வேண்டியவை. போய்ப் பேசிவிட்டு வருவது மட்டும் சேவை ஆகிவிடாது.

பின்னால் வந்தவர்கள் இதை உணர்ந்தார்கள் என்றே நினைக்கிறேன். சிவகாசிக்குப் பக்கத்தில் சாட்சியாபுரம் எழும்பியது. பள்ளிகள் வந்தன. மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கான எல்வின் மையம் அங்கேதான் இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூரில் சி.எம்.எஸ். என்ற மூன்றெழுத்து ஒரு பள்ளிக்கூடத்தின் பெயரில் நிலைத்துவிட்டது. அந்தப் பள்ளிகளில் எல்லா மதத்துப் பிள்ளைகளும் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தார்கள். நம்மில் எத்தனையோ பேருடைய அப்பாவும் தாத்தாவும் அங்கே அரிச்சுவடி படித்தவர்கள்தான். கூடாரம் போட்டவர் வழியைக் காட்டினார், கட்டடம் கட்டியவர்கள் நிலைத்து நின்றார்கள். இரண்டும் தேவை.

அப்படியானால் ராக்லாந்து ஐயரிடம் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன? அவர் கேட்ட கேள்வியைத்தான். நாம் கட்டி வைத்திருப்பது வெளியே இருப்பவர்களுக்கு உதவுகிறதா, அல்லது நம்முடைய நாளையும் பணத்தையும் தின்றுகொண்டு நம்மை உள்ளேயே உட்கார வைத்திருக்கிறதா? பதவிக்காலத்துக்கு ஒருமுறை அல்ல, ஒவ்வொரு வருஷமும் இதைக் கேட்டாக வேண்டும்.

இன்றைய சபைக்கு

கடைசியில் சொல்கிறேன் என்றேனே, அதற்கு வருகிறேன். இன்று பல ஊர்களில் சபை நிர்வாகம் என்றாலே கடை வாடகை, கல்யாண மண்டப முன்பதிவு, சொத்து வழக்கு, தேர்தல் என்று ஆகிவிட்டது. சேகரக் கமிட்டிக் கூட்டத்தில், அதாவது சில சபைகள் சேர்ந்த வட்டாரத்தின் நிர்வாகக் கூட்டத்தில், இரண்டு மணி நேரம் பேசினால் ஒன்றேமுக்கால் மணி நேரம் கட்டடம் பற்றித்தான். 1850-ல் ராக்லாந்து ஐயர் தெற்கே கண்ட அதே காட்சி!

2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்து எல்லா ஆலயங்களையும் பூட்டினார்கள். கோயில், பள்ளிவாசல், சர்ச் எல்லாம் பூட்டு. எங்கள் சபையில் வாலிபர்கள் சிலர் அரிசி, பருப்பு, எண்ணெய் சேகரித்து, அனுமதி வாங்கி, விசைத்தறித் தெருக்களிலும் ஊருக்கு வெளியே குடிசைகளிலும் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். யார் என்ன மதம் என்று கேட்கவில்லை. கூலி நின்றுபோன வீடுகள் எவை, மருந்து வாங்கப் பணமில்லாத கிழவிகள் யார், பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற பிள்ளைகள் எத்தனை பேர் என்பதெல்லாம் அப்போதுதான் சபைக்குத் தெரிந்தது. கதவு பூட்டியிருந்தபோதுதான் சபை தெருவுக்கு வந்தது. பூட்டைத் திறந்ததும் பெரும்பாலானவர்கள் பழையபடி உள்ளே போய் உட்கார்ந்துவிட்டார்கள்.

இப்போது எங்கள் சபையில் ஒரு பிரச்சினை நடக்கிறது. பல வருஷமாகச் சேர்த்த கட்டட நிதி கையில் இருக்கிறது. அதில் மூன்று மாடி மண்டபம் கட்ட வேண்டும் என்பது ஒரு தரப்பு. வாடகை வரும், சபை சொந்தக் காலில் நிற்கும் என்கிறார்கள். நியாயமான வாதம்தான். அந்தத் தரப்பில் என் நெருங்கிய நண்பர்களும் உண்டு. ஆலயத்துக்குத் தேவையான பழுதை மட்டும் பார்த்துவிட்டு, மீதியில் தறிக்காரர் பிள்ளைகளுக்கு மூன்று இடங்களில் மாலை நேர வகுப்பும், ஆளில்லாத முதியவர்களை வாரம் ஒருமுறை வீட்டிலேயே போய்ப் பார்க்க ஒரு செவிலியரும் ஏற்பாடு செய்யலாம் என்பது இன்னொரு தரப்பு. வகுப்புக்கு வாடகை இடம் போதும். ஒரு தெருவில் தேவை முடிந்தால் அடுத்த தெருவுக்கு மாற்றிக்கொள்ளலாம். கூடாரம் மாதிரி! பாடம் நடத்த சபையின் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் முறை வைத்துப் போகலாம். உபதேசியார்கள் போன மாதிரி! எந்த மதத்துப் பிள்ளையானாலும் வரலாம், பாடத்தைத் தவிர வேறெதுவும் அங்கே நடத்தக் கூடாது என்று ஒரு நிபந்தனையையும் நான் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்.

இதனால் சபையில் சிலர் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. மண்டபம் வராவிட்டால் வருங்காலத்தில் சம்பளம் கொடுக்கவே கஷ்டப்படுவோம் என்ற அவர்கள் பயமும் பொய்யில்லை. ஓட்டெடுப்பு வரப்போகிறது. முடிவு எப்படி ஆகும் என்று சொல்ல முடியாது. ஆனால் என் கை எந்தப் பக்கம் உயரும் என்பதை நீங்கள் ஊகித்திருப்பீர்கள்.

நமக்கும்தான்

இது சர்ச்சுக்கு மட்டும் உரிய கேள்வி என்று ஒதுக்கிவிடாதீர்கள் நண்பர்களே. மதில் உள்ள எல்லா நிறுவனத்துக்கும் இது பொருந்தும். கல்லூரிக்கும் பொருந்தும், நம் பழைய மாணவர் சங்கத்துக்கும் பொருந்தும். கூடுகிறோம், பழைய கதை பேசுகிறோம், வயிறார விருந்து சாப்பிடுகிறோம், பால்கோவா பொட்டலத்தோடு வீடு திரும்புகிறோம். சந்தோஷம்தான், வேண்டியதுதான். அதோடு, நம் கல்லூரியில் இருந்து சைக்கிள் மிதிக்கும் தூரத்தில் உள்ள ஒரு கிராமத்தில், குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிக்கப் போகிற ஒரு பெண்ணுக்கோ பையனுக்கோ நம்மில் ஒருவர் போய்க் கணக்குச் சொல்லிக்கொடுத்தால் என்ன? பணம் அனுப்புவது நல்லது. ஆள் போவது அதைவிட நல்லது.

இன்று படித்துக்கொண்டிருக்கும் மாணவச் செல்வங்களுக்கு ஒரு வார்த்தை. ராங்க் வாங்குங்கள், பெரிய பெரிய இடங்களுக்குப் போங்கள். அன்று முதலிடம் பெற்ற ஸ்டோக்ஸ் உலகத்துக்கு ஒரு விதியைத் தந்தார். அது பெரிய காரியம். நான்காம் இடம் பெற்றவர் தன் படிப்பின் கூர்மையை, யாரும் திரும்பிப் பார்க்காத ஊர்களை எப்படி எட்டுவது என்ற கணக்குக்குச் செலவிட்டார். அதுவும் சின்னக் காரியம் இல்லை. உங்கள் படிப்பை எந்தக் கணக்குக்குச் செலவிடப் போகிறீர்கள் என்பதை நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும்.

நம் கல்லூரி வளர்க! நம் சங்கம் நம் ஊர்களுக்குப் பயன்பட்டு ஓங்குக!